கினிப்பன்றிக் கூட்டின் அடித்தளம்

நோட்டன் பிரிட்ஜ் என்னும் ஊரை அறிந்தோர் அதனைப் பற்றிப் பேசும்போது முதலிற் குறிப்பிடுவது அதன் மழையையேயாகும். மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே, கெஹெல்கமு ஓயாவின் அருகே அமைந்துள்ள இவ்வூர், மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றை நேர்முகமாக எதிர்கொள்கின்றது. இச்சரிவின் சில இடங்களில் ஆண்டு மழைவீழ்ச்சி 5000 மில்லிமீற்றரையும் தாண்டும். இந்நீரின் வலுவிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவரது எண்ணம் நிறைவேற நெடுங்காலம் சென்றது. நோட்டன் அணையிற் தேக்கிய நீரைக்கொண்டு இயங்கும் பழைய லக்சபான மின்நிலையம் 1950ஆம் ஆண்டிலேதான் தொழிற்படத் தொடங்கிற்று.

நாட்டுக்கு ஒளி தந்த அதே மழை, வீட்டுப் புறத்தே சிறு கூட்டில் அடைபட்டிருக்கும் பிராணிக்குப் பெருந்துன்பம் தருவதாகும். ஈரம் கூரையின் வழியாக வருவதிலும், அடியிலிருந்து எழுவதே பெரிது. மலைநாட்டுத் தோட்டங்களில் ஆடு, மாடு, கோழி ஆகியன லயன் வீடுகளை அடுத்து நெடுங்காலமாக வளர்க்கப்பட்டு வருகின்றன. அவற்றோடு முயல், கினிப்பன்றி போன்ற சிறு பிராணிகளும் இக்காலத்திற் சில இல்லங்களில் இடம்பெறுகின்றன. பெரும்பாலும் சிறுவரின் விருப்பத்தினால் வீட்டுக்கு வரும் இப்பிராணிகள், முதல் மழைக்காலத்தைக் கடக்குமா என்பது அவற்றின் கூட்டினது தரையைப் பொறுத்த விடயமாகும். அத்தரை எவ்வாறு அமைய வேண்டும், அவ்வாறு அமைவதற்குக் காரணம் யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலிற் பிராணியின் இயல்பை அறிதல் வேண்டும். கினிப்பன்றி என்னும் பெயர் இரு வகையிலும் பொருந்தாப் பெயராகும். அது கினி நாட்டைச் சேர்ந்ததுமன்று. பன்றி இனத்தைச் சேர்ந்ததுமன்று. எலி, அணில் ஆகியவற்றைப் போலக் கொறித்துண்ணும் இனத்தைச் சேர்ந்த இது, தென்னமெரிக்காவின் அந்தீசு மலைத்தொடரில் வாழ்ந்த மக்களாற் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பழக்கப்பட்டது. பெரு, பொலிவியா, எக்குவடோர் ஆகிய நாடுகளின் மலைக்குடிகள் இதனை இன்றும் உணவுக்காக வளர்க்கின்றனர். அங்கே குடிசைகளின் அடுக்களையில், அடுப்பின் வெதுவெதுப்பிலே, காய்ந்த தரையில் இவை ஓடித் திரிவது பழைய வழக்கம். ஐரோப்பியர் இதனைத் தம் நாடுகளுக்குக் கொண்டுசென்ற பின்னர், இது செல்லப் பிராணியாகவும் ஆய்வுகூடப் பிராணியாகவும் உலகெங்கும் பரவிற்று. காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த றொபேட் கொக் தமது சோதனைகளுக்கு இதனையே பயன்படுத்தினார். 1907ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு அறிஞர் இருவர், மனிதருக்கு வரும் ஸ்கேவி என்னும் நோயை இப்பிராணியில் உண்டாக்கிக் காட்டினர். உயிர்ச்சத்து சீ ஆராய்ச்சிக்கு அது பெருவழி திறந்தது.

வளர்ந்த கினிப்பன்றி ஏறத்தாழ 700 கிராம் முதல் 1200 கிராம் வரை நிறையுடையது. வால் இல்லை. முன்காலில் நான்கு விரல்களும் பின்காலில் மூன்று விரல்களும் உண்டு. பாதத்தின் அடிப்பகுதி மயிரற்று, மென்மையான வெறுந்தோலாக இருக்கும். உடலோ பருத்தது, கால்களோ குட்டையானவை. ஆகவே முழு நிறையும் இம்மெல்லிய தோலின்மீதே தங்குகின்றது. வயிறும் நிலத்தோடு ஒட்டியே செல்லும். மூக்கு, தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குல உயரத்திற்கு மேற்படுவதில்லை. இவ்வுடலமைப்பை மனத்திற் கொண்டால், மேலே கூறப்போகும் யாவும் எளிதில் விளங்கும்.

இனி, தரை எவ்வாறு கெடுகின்றதென்பதை நோக்குவோம். கினிப்பன்றி ஒரு கிலோகிராம் நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லிலீற்றர் நீர் அருந்தும். அதனோடு பச்சைப் புல்லிலும் இலையிலும் உள்ள நீரும் உடலிற் சேரும். அந்நீரிற் பெரும்பகுதி சிறுநீராக வெளியேறித் தரையிற் படுகின்றது. சிறுநீரிலுள்ள யூரியா என்னும் பொருளைப் பற்றீரியாக்கள் சிதைக்கும்போது அமோனியா வாயு பிறக்கும். கண்ணையும் மூக்கையும் கரிக்கச் செய்யும் மணம் இதுவே. ஐந்தடி உயரத்தில் நிற்கும் மனிதருக்கு இம்மணம் சிறிதே தோன்றும் வேளையில், தரையோடு மூக்கை வைத்து உறங்கும் பிராணி அதன் நடுவிலேயே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். அமோனியாவினாற் சுவாசக் குழாயின் உட்பரப்பு புண்பட்டால், நோய்க் கிருமிகள் நுரையீரலை எளிதிற் பற்றும். நுரையீரல் அழற்சி இப்பிராணியைச் சில நாட்களிலேயே மாய்த்துவிடக் கூடியது.

மற்றுமொரு சிறப்பும் இச்சிறுநீருக்கு உண்டு. புல்லுண்ணும் இப்பிராணியின் சிறுநீர் காரத்தன்மை வாய்ந்தது. அதிற் கல்சியம் காபனேற்று என்னும் சுண்ணப் பொருள் மிகுதியாகக் கலந்திருக்கும். உலர்ந்த பின் அது வெண்மையான படையாகத் தரையில் இறுகிவிடும். சவர்க்கார நீரால் அப்படை அகலாது. அதன் நுண்துளைகளிற் சிறுநீரும் கிருமியும் தங்குவதனால், மேலே கழுவியும் கூட்டின் நாற்றம் நீங்குவதில்லை.

மலைநாட்டில் வழக்கமாக அமைக்கப்படும் தரைகள் நான்கு வகையின. ஒவ்வொன்றினதும் குறைகளை எடுத்து நோக்குதல் தகும்.

முதலாவது, வெறும் பலகைத் தரை. பலகை கதகதப்பானது, பாதத்திற்கும் இதமானது. ஆயினும் அது நீரை உறிஞ்சும். வெயில் காயும் பிரதேசத்தில் உறிஞ்சிய நீர் மாலைக்குள் உலர்ந்துவிடும். நோட்டன் பிரிட்ஜில் ஆடி மாதத்திற் பலகை உலர்வதற்கு வெயிலும் இல்லை. காற்றிலும் ஈரமே நிறைந்திருக்கும். இரண்டொரு மாதத்திற் பலகை கறுத்து, உளுத்து, நாற்றத்தின் இருப்பிடமாகிவிடும்.

இரண்டாவது, இடைவெளி விட்டு அடித்த சட்டத் தரை. ஆட்டுக் கொட்டில்களில் இதுவே சிறந்தது என்பதை மலைநாட்டார் அனுபவத்தினால் அறிவர். நிலத்திலிருந்து உயர்த்திக் கட்டிய கொட்டிலில் ஆட்டின் புழுக்கை இடைவெளிகளினூடாகக் கீழே வீழ்ந்துவிட, ஆடு உலர்ந்த இடத்திற் படுத்திருக்கும். ஆட்டுக்கு நலந்தரும் இம்முறை கினிப்பன்றிக்கும் நலந்தரும் என எண்ணுவது இயல்பே. ஆனால், ஆட்டுக்குக் குளம்பு உண்டு. கினிப்பன்றிக்கு உள்ளவை மெல்லிய விரல்கள். அவை இடைவெளியிற் சிக்கினால் எலும்பு முறியும். புழுக்கை வீழும் அளவுக்கு இடைவெளி வைத்தால், பிறந்த குட்டியின் காலும் அதனுள்ளே இறங்கிவிடும்.

மூன்றாவது, கம்பிவலைத் தரை. கழுவும் வேலை குறையும் என்பதற்காகப் பலர் இதனை விரும்புவர். பிராணிக்கு மிகுந்த தீங்கு செய்வதும் இதுவே. மயிரற்ற பாதம் நாள்தோறும் கம்பியின்மீது அழுந்துவதனால் தோல் சிவந்து, தடித்து, வெடிக்கும். அவ்வெடிப்பினூடாகக் கிருமி புகுந்து பாதப்புண் உண்டாகும். புண் எலும்புவரை இறங்கியபின் அதனை ஆற்றுவது மிகக் கடினம். கம்பித் தரையில் வளர்க்க வேண்டிய நிலை ஏற்பட்டால், கூட்டின் பெரும்பகுதியையாவது திண்ணிய பலகையால் மூடுதல் அவசியம்.

நான்காவது, தகரமும் சீமெந்தும். இவை நீரை எளிதில் உறிஞ்சா எனினும், மலைநாட்டின் இராக்காலத்திற் பனிபோற் குளிர்ந்துவிடும். தகரம் சிறுநீரின் காரத்தால் அரிக்கப்பட்டுத் துருப்பிடிக்கும். அதன் விளிம்புகள் கத்தியின் வாயை ஒக்கும். 18 முதல் 24 பாகை செல்சியஸ் வரையான வெப்பமே கினிப்பன்றிக்கு உகந்தது. அவ்வகையில் மலைநாட்டுக் காலநிலை அதற்கு ஒவ்வாததன்று. குளிரும் ஈரமும் ஒன்றுசேரும் தரையே அதற்கு ஒவ்வாதது.

இக்குறைகளை ஆராய்ந்தால் நல்ல தரையின் இலக்கணம் தானே புலப்படும். அது திண்ணியதாய், சமமானதாய், குளிரை ஏற்றாததாய், நீர் புகாததாய், எளிதில் துடைக்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். ஒரே பொருளில் இவ்வைந்து பண்புகளும் அமைவதரிது. ஆதலால் தரையை மூன்று அடுக்காக அமைப்பர். கீழே தாங்குவதற்குப் பலகை; அதன்மேல் நீரைத் தடுப்பதற்கு விரிப்பு; எல்லாவற்றிற்கும் மேலே ஈரத்தை உறிஞ்சுவதற்குப் படுக்கை.

ஒரு சோடிப் பிராணிகளுக்குக் குறைந்தது நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட கூடு வேண்டும். அதனை நிலத்திலிருந்து இரண்டரை அடி உயரத்திற் கால்களின்மீது நிறுத்துதல் நன்று. கூரை நாற்புறமும் ஓரடியாவது நீண்டு இறங்க வேண்டும். பருவக்காற்று வீசும் தென்மேற்குப் பக்கம் பலகையால் முற்றாக அடைக்கப்பட்டு, எதிர்ப்பக்கம் கம்பிவலையிட்டுக் காற்றோட்டத்திற்கு விடப்படல் வேண்டும். தரைப்பலகை முன்புறம் நோக்கி அரை அங்குலம் சரிந்திருந்தால், கழுவிய நீர் தேங்காது. பலகைக்கு ஈயம் கலவாத எனாமல் வர்ணத்தை இரு முறை பூசி, மணம் முற்றும் நீங்கும்வரை உலரவிட்ட பின்னரே மேல்வேலையைத் தொடங்க வேண்டும்.

விரிப்பாக முற்காலத்தில் லினோலியம் பயன்பட்டது. ஆளி விதையின் எண்ணெயையும் தக்கைத் தூளையும் கலந்து, சணல் துணியின்மீது பரப்பிச் செய்யப்படுவது அது. இன்று கடைகளில் வீட்டுத் தரைக்கெனச் சுருளிலிருந்து வெட்டி விற்கப்படும் வைனில் விரிப்பு மலிவாகக் கிடைக்கின்றது. மிக வழுவழுப்பான விரிப்பிற் பிராணியின் கால் சறுக்கும் ஆதலால், சிறிது சொரசொரப்பான மேற்பரப்புடையதையே தெரிந்தெடுத்தல் வேண்டும். வீட்டுத் தரைக்கு வாங்கியதில் எஞ்சிய துண்டும் போதுமானதே. ஓட்டையும் கிழிசலும் இல்லாதிருந்தாற் சரி.

விரிப்பை வெட்டும் முறையிலேயே வேலையின் வெற்றி தங்கியுள்ளது. கூட்டின் தரையளவுக்குச் சரியாக வெட்டினால், ஓரங்களின் வழியே சிறுநீர் அடியில் இறங்கிப் பலகையைக் கெடுக்கும். மேலே காண்போர்க்குத் தரை சுத்தமாகத் தோன்ற, அடியிலே அழுகல் நிகழ்ந்துகொண்டிருக்கும். இது வெறும் பலகையிலும் தீமையானது. ஆகவே நான்கடிக்கு இரண்டடித் தரைக்கு, நான்கரை அடி நீளமும் இரண்டரை அடி அகலமுமாக வெட்டி, நாற்புறமும் மூன்று அங்குலம் மிகுதியாக விடல் வேண்டும். இம்மிகுதியைப் பின்சுவரிலும் இரு பக்கச் சுவர்களிலும் மேல்நோக்கி மடித்துவிட்டால், தரை ஒரு தட்டத்தின் வடிவம் பெறும். பின்மூலைகளை வெட்டாமல், கடித உறையை மடிப்பது போல மடித்து ஒதுக்க வேண்டும். வெட்டிய மூலை ஒழுகும். மடித்த மூலை ஒழுகாது. விரிப்பு விறைப்பாக இருந்தால், வெந்நீரில் நனைத்த துணியை மடிப்பின்மேற் சற்று வைத்திருக்க அது இளகும்.

மேல்நோக்கி மடித்த ஓரத்தை அப்படியே விடலாகாது. கொறித்துண்ணும் பிராணிகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. எங்கே ஓர் ஓரம் தட்டுப்படுகின்றதோ அங்கே அவை கடிக்கத் தொடங்கும். விழுங்கிய வைனில் துண்டு குடலை அடைத்து உயிரைப் பறிக்கவும் கூடும். ஆதலால் ஓரங்கள் முற்றிலும் மறையும்படி, ஓரங்குல அகலமுள்ள மரச்சட்டங்களைச் சுவரோடு பொருத்துதல் வேண்டும். ஆணிக்குப் பதிலாகத் திருகாணி இடுவது சாலச் சிறந்தது. விரிப்பை வேண்டும்போது கழற்றலாம். தரையின் நடுவில் ஆணியோ திருகாணியோ இடலாகாது. ஒவ்வொரு துளையும் நீருக்கு ஒரு வழியாகும்.

முன்பக்கத்து மூன்று அங்குலத்தை மட்டும் சுவரோடு பொருத்தாமல், அதற்கு முன்னே மேலும் கீழும் வழுக்கி எடுக்கத்தக்க ஒரு தடுப்புப் பலகையை நிறுத்த வேண்டும். பலகை நிற்கையில் விரிப்பின் முன்னோரம் அதன்மேல் மடிந்து, பலகைக்கு வெளிப்புறமாக இறங்கி நிற்கும். பிராணியின் பல்லுக்கு அது எட்டாதவாறு மற்றொரு சட்டத்தால் மடிப்பை மூடுதல் வேண்டும். பலகையை எடுத்துவிட்டால் அவ்வோரம் ஒரு நாக்குப் போல வெளியே தொங்கும். அதன்கீழே வாளியை வைத்துப் பழைய படுக்கையை ஒரே இழுப்பில் உள்ளே தள்ளிவிடலாம். சிறுவர்கூடப் பத்து நிமிடத்திற் கூட்டைத் துப்புரவு செய்வதற்கு இவ்வமைப்பு உதவும்.

இனிப் படுக்கை. விரிப்பின்மீது பழைய செய்தித்தாளை நான்கைந்து மடிப்பாகப் பரப்பி, அதன்மேல் இரண்டு மூன்று அங்குலக் கனத்திற்கு உலர்ந்த புல்லை இடல் வேண்டும். தாழ்நிலக் கிராமங்களின் வயல்களிலிருந்து வைக்கோல் கிடைக்குமாயின் அதுவும் நன்று. எனினும் முரட்டுத் தாள்கள் கண்ணைக் குத்தும் ஆதலால் அவற்றை நறுக்கி இடுதல் வேண்டும். தோட்டங்களில் மண்ணை வளப்படுத்த நடப்படும் குவாத்தமாலாப் புல்லின் தடித்த தண்டுகளை நீக்கி, இலையை மட்டும் காயவைத்துப் பயன்படுத்தலாம். தோட்டத்துப் புல்லில் களைநாசினி தெளிக்கப்படவில்லை என்பதை முன்னரே அறிந்துகொள்வது அவசியம். மர ஆலைகளில் எளிதிற் கிடைக்கும் மரத்தூள் மலைநாட்டிற் பெரும்பாலும் பைனஸ், யூக்கலிப்டஸ் ஆகிய மரங்களினுடையது. நறுமணம் வீசும் இம்மரங்களின் ஆவியும் நுண்தூளும் சிறு பிராணிகளின் சுவாசத்திற்குக் கேடு செய்யவல்லன. எனவே மரத்தூளை விலக்குதலே பாதுகாப்பானது.

புல்லை உலர்த்துவதற்கு மழைக்காலத்திற் வாய்ப்பில்லை. தை முதல் பங்குனி வரை வெயில் நிலைக்கும் நாட்களில் அறுத்துக் காயவைத்து, சாக்குகளிற் கட்டி, அடுப்படிப் பரணிற் சேமித்தல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த புல் தோல்நோய்க்கும் சுவாச நோய்க்கும் காரணமாகும். கையிலெடுத்து உதறும்போது வெண்தூள் பறக்கும் புல்லைப் படுக்கைக்கு இடாமல் எருக்குழியிற் சேர்ப்பதே முறை.

துப்புரவு செய்யும் ஒழுங்கு மூவகைப்படும். கினிப்பன்றி பெரும்பாலும் கூட்டின் ஓரிரு மூலைகளிலேயே சிறுநீர் கழிக்கும். அம்மூலைகளின் ஈரப் படுக்கையை நாள்தோறும் அகற்றிப் புதியது இடுவது முதல் வகை. கிழமைக்கு ஒரு முறை, மழைக்காலத்தில் இரு முறை, படுக்கை முழுவதையும் நீக்கி விரிப்பைக் கழுவித் துடைப்பது இரண்டாவது. மாதத்திற்கு ஒரு முறை திருகாணிகளைக் கழற்றி, விரிப்பை எடுத்து, அடியிலுள்ள பலகை உலர்ந்துள்ளதா என்று ஆராய்வது மூன்றாவது. வேலை முடியும்வரை பிராணியை ஒரு பெட்டியில் வேறிடத்தில் வைத்திருத்தல் வேண்டும். ஒரே அளவில் இரண்டு விரிப்புகள் இருந்தால், ஒன்று உலரும் வரையில் மற்றையதைப் பயன்படுத்தலாம். மழை நாட்களில் இது பேருதவியாகும்.

வெண்மையான சுண்ணப் படையை நீக்குவதற்கு வினாகிரியே ஏற்றது. வினாகிரியும் நீரும் சம அளவாகக் கலந்து படையின்மேல் ஊற்றி, கால் மணிநேரம் விட்டால், அமிலம் சுண்ணத்தோடு கூடி நுரைத்து அதனை இளக்கும். பின்னர்த் தும்புத் துண்டால் தேய்த்துக் கழுவிவிடலாம். கத்தியாற் சுரண்டினால் விரிப்பிற் கீறல் விழும். அக்கீறலில் அடுத்த படை முன்னிலும் உறுதியாகப் பற்றும். நோய் கண்ட பிராணி இருந்த கூட்டுக்குக் குளோரின் கலந்த வெளிற்று நீரை இடுவதுண்டு. அப்போது ஒன்றை மறவாதிருத்தல் வேண்டும். வினாகிரியோடு வெளிற்று நீர் கலந்தால் நச்சுத்தன்மை வாய்ந்த குளோரின் வாயு வெளிப்படும். சிறுநீரின் அமோனியாவோடு அது கலந்தாலும் நச்சு வாயுக்கள் உண்டாகும். ஆதலால் முதலிற் சவர்க்கார நீரால் முற்றாகக் கழுவி, அதன்பின் வேறொரு நாளில், திறந்த வெளியில், வெளிற்று நீரைத் தனியே பயன்படுத்தி, மீண்டும் நன்னீரால் அலசி உலர்த்தல் வேண்டும். சிறுவரிடம் இவ்வேலையை ஒப்படைத்தலாகாது.

கழுவிய நீர் செல்லும் இடமும் கவனத்திற்குரியது. லயன் மக்கள் குடிப்பதற்கும் குளிப்பதற்கும் நீர் பிடிக்கும் பீலியின் அருகே கூட்டு விரிப்பைக் கழுவுதல் தவறு. பீலிக்குக் கீழ்ப்புறமாக, நீரோடையிற் சேராத இடத்திற் கழுவுதலே அயலாருக்குச் செய்யும் நீதி. நீக்கிய படுக்கையைத் திறந்த வெளியிற் குவித்தால் எலிகள் வந்து குடியேறும். எலிகளின் சிறுநீரினாற் பரவும் எலிக்காய்ச்சல் மனிதரையும் கொல்லவல்லது. பழைய தாளும் புல்லும் புழுக்கையும் ஒருங்கே எருக்குழியில் இட்டு மண்ணால் மூடப்பட்டால், சில மாதங்களில் நல்ல பசளையாகும். வீட்டு முற்றத்துக் கோவாவும் லீக்ஸும் போஞ்சியும் அதனாற் செழிக்கும். கூட்டிற் கைவைத்த ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கைகழுவும் வழக்கம் சிறுவரிடையே வேரூன்றுதல் வேண்டும்.

தரை எத்துணைச் சிறந்ததாயினும் அது உணவின் குறையை நிரப்பாது. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் உயிர்ச்சத்து சீயைத் தானே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலற்றது. அச்சத்துக் குறைந்தாற் புண்கள் ஆறா, மூட்டுகள் வீங்கும். பாதப்புண் வந்த பிராணிக்குத் தரையை மாற்றியும் குணம் காணாவிடின், உணவையும் ஆராய்தல் வேண்டும். கொய்யாப்பழத் துண்டு, கறிமிளகாய், பசுமையான இலைகள் ஆகியன நாள்தோறும் சிறிதளவு கிடைத்தாற் போதுமானது. கிழமைக்கு ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்து நிறையைக் குறித்து வைப்பது நோயை முன்கூட்டியே அறிய உதவும். நிறை குறைதல், தும்மல், மூக்கிலிருந்து நீர் வடிதல், பாதம் சிவத்தல், வயிற்றடி மயிர் ஈரமாகி உதிர்தல் ஆகியவற்றில் எது தோன்றினும், தாமதியாமல் அரசாங்கக் கால்நடை வைத்தியரை நாடுதல் வேண்டும்.

காட்டிலே திரியும் பிராணி, தான் அசுத்தப்படுத்திய இடத்தை விட்டு அப்பாற் செல்லும். கூட்டில் அடைக்கப்பட்டதற்கு அவ்வுரிமை இல்லை. அதன் உலகம் எட்டுச் சதுர அடி மாத்திரமே. அவ்வெட்டுச் சதுர அடியையும் உலர்ந்ததாக வைத்திருக்கும் பொறுப்பை, அதனை அடைத்து வைத்தவரே ஏற்றாக வேண்டும். அப்பொறுப்பு நிறைவேறியதா என்று அறிவதற்குப் பெருங்கருவி எதுவும் வேண்டியதில்லை. மாலையில் உணவு வைக்கும்போது படுக்கையை விலக்கி, விரிப்பின்மீது உலர்ந்த தாளொன்றை வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பார்க்கலாம். தாள் நனையாவிடின், வெளியே எவ்வளவு மழை பெய்தாலும் அன்றிரவு அப்பிராணி சுகமாக உறங்கும். நனைந்தால், படுக்கையை அப்பொழுதே மாற்றிவிடுதல் வேண்டும். விடியும்வரை பொறுத்தல் ஆகாது.